ஆயில் பிரஷர் இறங்கியதற்கு நான் எழுதிய காரணங்கள்

1.

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் பிறந்தது. ஓரிக்கை ரோட்டில் என் மனைவி கிரேஸ் நடத்தும் கார் ஷெட்டில், "எதையும் தொடாம குந்து" என்ற நிபந்தனையோடு எனக்கு ஒதுக்கப்பட்ட ஸ்டூல் அது. நான் பட்டு சொசைட்டியில் குமாஸ்தா. சாயங்காலமானால் எழுத்தாளன். இரண்டிலும் பெரிய சேதம் எதுவும் செய்ததில்லை, போன மாதம் வரை.

விஷயம் இதுதான். பந்தல் வாடகைக் கடை ஆதிகேசவன் 1964ஆம் வருடத்து பியட் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினார். இன்ஜினை முழுதாகப் பிரித்துக் கட்டும் வேலையைக் கிரேஸிடம் கொடுத்தார். பதினோரு வருடம் இன்னொருவர் ஒர்க் ஷாப்பில் உழைத்துவிட்டுத் தனியாக வந்தவள் அவள். தன் பெயரில் கட்டிய முதல் இன்ஜின். ஸ்டார்ட் ஆனது. கைதட்டினோம். பத்து நிமிடம் ஓடியதும் டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் சிவப்பு விளக்கு எரிந்தது.

(கார் இல்லாத வாசகர்களுக்கு, அதாவது என் வாசகர்களுக்கு: இன்ஜினுக்குள் எண்ணெயை எல்லா மூலைக்கும் தள்ளும் அழுத்தம்தான் ஆயில் பிரஷர். அது இறங்கினால் உள்ளே இரும்பு இரும்பைத் தின்னும்.)

திங்கட்கிழமை ஆதிகேசவன் வந்து பார்த்தார். "சனிக்கெழம வரைக்கும் பாருமா. இல்லாங்காட்டி லாரில ஏத்தி மெட்ராஸ் ஆளாண்ட அனுப்பிடறேன். தப்பா நெனச்சிக்காத."

அவள் கட்டிய இன்ஜினை வேறொருவன் திறந்து உதட்டைப் பிதுக்கினால், அப்புறம் காஞ்சிபுரத்தில் அவளிடம் ஹாரன் மாற்றக்கூட யாரும் வரமாட்டார்கள். அவள் ஸ்பேனரை எடுத்தாள். நான் பேனாவை எடுத்தேன்.

2.

முதல் தொடக்கம்:

"கருவறையின் இருளில் ஒற்றைச் சுடராக அந்தச் சிவப்பு விளக்கு எதையோ சொல்லத் துடித்தது. ஆனால் அது சொன்னது பொய்."

நான் எழுதுவதை எல்லாம் கிரேஸ் படிப்பாள். கிரீஸ் கையோடு படிப்பாள். என் கையெழுத்துப் பிரதிகளில் ஓரக்குறிப்புகள் எல்லாம் கட்டைவிரல் ரேகைகள்தான்.

"பல்புயா அது. அது எதுக்குத் துடிக்கப் போவுது?"

"சுவிட்ச் கோளாறா இருந்தா? வெளக்கு சும்மாவே எரியலாம் இல்ல?"

"சுவிட்ச கழட்டிட்டு அதே எடத்துல மீட்டர் மாட்டிப் பாத்துட்டேன். முள்ளும் எறங்குது. இன்னொரு மீட்டர் மாட்டினேன், அதுவும் எறங்குது. மூணு பேரும் கூட்டு சேந்துக்கினு பொய் சொல்லுதா?"

முதல் தொடக்கம் காலி.

3.

செவ்வாய்க்கிழமை. இரண்டாவது தொடக்கத்தில் ஒரு வில்லனைக் கொண்டுவந்தேன். கிராங்க் ஷாப்டைச் சாணை பிடித்துக் கொடுத்த லேத் ராமராஜன்:

"ராமராஜனின் கண்களில் ஒரு கள்ளத்தனம் மினுங்கியது."

"அவருக்கு கேடராக்ட் ஆபரேஷன் ஆயிருக்குது. அதான் மினுங்குது" என்றாள் கிரேஸ். "பாவம்யா அந்த மனுசன். தலமயிரு அளவுகூட பெசகல, நானே அளந்துட்டேன்."

"பேரிங்ல கேப் இருந்தா பிரஷர் எறங்கும்னு நீதான சொன்ன?"

"அப்டி இருந்தா வண்டி சும்மா நின்னு ஓடசொல்ல கம்மியா இருக்கும், ஆக்ஸிலேட்டர் குடுத்தா ஏறும். இது தலகீழா இருக்குது. குடுக்கக் குடுக்க எறங்குது. ஆப் பண்ணி அஞ்சு நிமிசம் வுட்டா மறுபடியும் நல்லா நிக்குது. தேஞ்ச இரும்பு அஞ்சு நிமிசத்துல வளந்துடுமா?" குனிந்து இன்ஜினைப் பார்த்தாள். "என்னமோ ஒண்ணு உள்ள அடச்சிக்கினு, ஆப் பண்ணா வுட்டுடுது."

அதைக் கேட்டதும் எனக்கு

[இந்த வாக்கியத்தை அன்று முடிக்கவில்லை. முடிக்கப் பிடிக்கவில்லை.]

4.

புதன்கிழமை மூன்றாவது தொடக்கம். குற்றவாளி: பிரஷர் வால்வு. அழுத்தம் அதிகமானால் கொஞ்சம் எண்ணெயைத் திருப்பிவிடும் ஒரு ஸ்பிரிங் சமாச்சாரம். ஆள் சின்னவன், லேத்காரர்போல் எதிர்த்துப் பேச மாட்டான் என்று தேர்ந்தெடுத்தேன். கிரேஸ் அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். புது மூக்குத்தி மாதிரி இருந்தது.

அன்று அவள் சாப்பிடவில்லை. "என் கைதான் சரியில்ல போல" என்று ஒரு தடவை சொன்னாள், என்னிடம்கூட இல்லை, இன்ஜினிடம்.

நான் பாத்திரப் படைப்பில் மும்முரமாக இருந்தேன். இந்தக் கதைக்குக் கணவன் பாத்திரம் தேவைதானா? நீக்கிப் பார்த்தேன். கதை நன்றாகவே ஓடியது. சொல்லப்போனால், இன்ஜினில் கோளாறே வரவில்லை.

5.

வியாழக்கிழமை அவள் இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டியைக் கழற்றினாள். எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு கம்பி வலை உண்டு. அதிலிருந்து சின்ன இடுக்கியால் எதையோ இழுத்தாள். வந்தது. வந்துகொண்டே இருந்தது. துணியில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

அரக்கு நிறம். பட்டு.

"இதுக்கு இன்ஜின்ல இன்னாயா வேல?"

இனி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பேரிங் வந்து சேரும்வரை இரண்டு வாரம் இன்ஜின் திறந்து கிடந்தது. ரோட்டுப் புழுதி. "தொளையெல்லாம் நல்ல துணியா பாத்து மூடி வை" என்று கிரேஸ் என்னிடம் சொன்னாள். மற்ற ஊரில் பனியன் துணியை வைத்திருப்பார்கள். நான் சொசைட்டிக்காரன். என் பெண்டாட்டியின் முதல் இன்ஜினுக்குப் பனியன் துணியா? தறியில் மிஞ்சும் பட்டு நூல் கழிவைப் பை நிறையக் கொண்டுவந்து ஒவ்வொரு துளையாக அடைத்தேன். நகை போட்டுவிட்டதுபோல் இருந்தது. பிறகு எல்லாவற்றையும் நானே எடுத்தேன். என் கண்ணில் பட்டதை எல்லாம்.

மிச்சம் எண்ணெயோடு கீழே இறங்கி, இன்ஜின் வேகமெடுக்கும்போதெல்லாம் வலையில் போய் அப்பிக்கொண்டது. நிறுத்தினால் உதிர்ந்தது. பட்டு நல்ல பட்டு, அறுந்தே போகவில்லை.

"ஒனக்கு எப்போ தெரியும்?" என்றாள்.

~~"இப்பத்தான்."~~

"செவ்வாக்கெழம சந்தேகம் வந்திச்சி."

"செவ்வாக்கெழமயா?" இடுக்கியைக் கீழே வைத்தாள். "மூணு நாளா என் கையையே நம்பாம கெடந்தேன்யா நானு. நீ இங்கயே குந்திக்கினு, லேத்துக்காரரு கண்ண வர்ணிச்சிக்கினு இருந்தியா?"

(இந்த இடத்தில் ஒரு நகைச்சுவை வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.)

6.

சனிக்கிழமை. எல்லாத் துளையையும் காற்றடித்துச் சுத்தம் செய்து திரும்பக் கட்டியிருந்தாள். அரை மணி நேரம் ஓடிய பிறகும் முள் இறங்கவில்லை. ஆதிகேசவன் குனிந்து மீட்டரைப் பார்த்தார்.

"இன்னாமா கோளாறு?"

முடிவு அ: நான் முன்னால் வந்து, தலை நிமிர்ந்து, எல்லாவற்றையும் சொல்கிறேன்.

(கிரேஸ்: "நீ எங்க முன்னால வந்த? டிக்கிக்குப் பின்னால நின்னுக்கினு இருந்த.")

முடிவு ஆ: கிரேஸ் என்னைச் சுட்டிக்காட்டுகிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

(கிரேஸ்: "நீ சிரிப்ப.")

நடந்தது: "உள்ள கழிவு நூலு மாட்டிக்கிச்சிணா. என் தப்புதான். இன்ஜின மூடசொல்ல நான் பாத்திருக்கணும்."

ஆதிகேசவன் தலையாட்டினார். வண்டியில் ஏறியவர் கண்ணாடியை இறக்கினார். "திருப்புட்குழில எங்க மச்சானாண்ட லேண்ட்மாஸ்டர்னு பழைய காரு ஒண்ணு கெடக்குதுமா. அதுக்கும் இன்ஜின் வேல இருக்குது. ஒன்னாண்ட குடுக்கலாம்னுதான் இருந்தேன்." கொஞ்சம் இழுத்தார். "பாக்கலாம்."

'பார்க்கலாம்' என்று எங்கள் ஊரில் யாராவது சொன்னால், பார்க்கப்போவதில்லை.

அவர் போன பிறகு கேட்டேன். "என் பேர சொல்லியிருக்கலாம் இல்ல?"

"போர்டுல யார் பேரு இருக்குது?"

7.

இந்தக் கதையை எந்தப் பத்திரிகைக்கு அனுப்புவது என்று எனக்குக் குழப்பமே வரவில்லை. பந்தல் கடை மேஜையில் கிடப்பது இந்தப் பத்திரிகைதான். மற்ற வாசகர்கள் மன்னிக்கவும், கீழே உள்ளது ஒருவருக்கு மட்டும்.

ஆதிகேசவண்ணா, துளைகளை அடைத்தது நான். எடுக்காமல் விட்டது நான். தெரிந்தும் மூன்று நாள் வாயைத் திறக்காதது நான். கிரேஸ் நான்கே நாளில் கண்டுபிடித்தாள், அதுவும் நான் குறுக்கே உட்கார்ந்திருக்கும்போது. அவள் கையில் எந்தக் கோளாறும் இல்லை.

இன்னும் நான்கு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். நான்கிலும் நான் நல்லவனாக வருகிறேன். கிழித்துவிட்டேன். முடிவு இப்போது திருப்புட்குழியில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. சாவி உங்கள் மச்சானிடம் இருக்கிறது.