நெற்றியில் எழுதிய நேரம்

அந்த ராணுவ ஆஸ்பத்திரியில் அதுவரை எந்தப் பெண்ணும் வேலை பார்த்ததில்லை. முதலில் நுழைந்தது என் அண்ணிதான். சம்பளமில்லாத தாதி வேலைக்கு எட்டுப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போனார். அவரைத் திருப்பி அழைத்துவர அம்மா என்னை அனுப்பினாள். நான் போய் இன்னொரு தாதியாகிவிட்டேன். அண்ணியிடம் வாதாடி ஜெயித்தவர் எங்கள் வீட்டில் யாருமில்லை.

பெரிய டாக்டருக்கு எங்களைக் கண்டாலே ஆகாது. "ஒரு மாசம் பாக்கறேன். ஒரு தப்பு நடந்தாலும் எல்லாரும் வீட்டுக்குப் போயிடணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அண்ணி ஒரு புது வழக்கம் கொண்டுவந்தார். ரத்தம் நிற்கப் போர்க்களத்தில் கையையோ காலையோ இறுக்கிக் கட்டினால், கட்டியவரே அந்த நேரத்தை அடிபட்டவன் நெற்றியிலேயே உதட்டுச் சாயத்தால் எழுத வேண்டும். சீட்டு தொலையும், நெற்றி எங்கே போகும்? இரண்டு மணி நேரத்துக்கு மேல் கட்டு இருந்தால் காலே போய்விடலாம். எழுத்து இல்லாவிட்டால் இப்போதுதான் கட்டியது என்று அறுவைக்கான வரிசையின் கடைசியில் கிடத்திவிடுவார்கள்.

இருபத்தாறாம் நாள் வாசலில் என் முறை. எனக்குக் கொஞ்சம் சுத்தப் பைத்தியம். முகமெல்லாம் சேறாக வந்த ஒரு சிப்பாயைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். துணி சிவந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொண்ட கதை. அவனுக்கு நினைவில்லை; கொண்டுவந்த வண்டியும் போய்விட்டது.

"அண்ணி, நேரத்தைத் துடைச்சிட்டேன்."

அவர் திட்டவில்லை. ஸ்ட்ரெச்சரை அவரே தள்ளிக்கொண்டு அறுவை அறைக்குள் ஓடினார்.

"டாக்டர், இவனை முதல்ல எடுங்க. எப்ப கட்டினதுன்னு தெரியாது. எழுதியிருந்ததை நாங்க அழிச்சிட்டோம்."

'நாங்க' என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவன் கால்தான் போயிருக்கும்.

ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். "கால் பிழைச்சிடுச்சு" என்றார்.

"சந்தோஷம் டாக்டர். நாங்க கிளம்பறோம்" என்றார் அண்ணி.

"இருபது வருஷமா கத்தி பிடிக்கிறேன். தப்புப் பண்ணவங்க யாரும் தானா வந்து சொன்னதில்லை. அழுகினப்புறம்தான் எனக்கே தெரியவரும்." டாக்டர் கையுறையைக் கழற்றினார். "உங்களை மாதிரி இன்னும் பத்துப் பேர் கிடைப்பாங்களாம்மா?"

பெருமை தாங்காமல் நான் அழுதுவிட்டேன். அண்ணி கண் கலங்கவில்லை.

"இருபது பேரையே வரச் சொல்றேன்" என்றார்.