சகலையின் பதில்

துணைக்கேள்வி கேட்கச் சபாநாயகர் அழைத்ததும் ஆளுங்கட்சி உறுப்பினரான இவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். முன்வரிசையில் பாலங்கள் துறை அமைச்சராக உட்கார்ந்திருந்தவர் இவருடைய சகலை. இருவரும் ஒரே கட்சி, ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். இவர்தான் மூத்த மாப்பிள்ளை. இளையவரைக் கூட்டத்துக்கு அழைத்துப்போய் மேடையேற்றிப் பழக்கியவரும் இவரே. பதவி மட்டும் இளையவரைத் தேடிப் போனது. அன்றிலிருந்து மாமனார் வீட்டில் பேச்சே அவரைப் பற்றித்தான். "நமக்கென்ன, நிம்மதியா இருக்கோம்" என்று மனைவி தேற்றும்போதெல்லாம் இவருக்கு வயிறு இன்னும் எரிந்தது.

போன வாரம் ஆற்றுப்பாலம் இடிந்து இரண்டு பேர் செத்திருந்தார்கள். சொந்தக் கட்சிக்காரர் பூசி மெழுகிக் கேட்பார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

"பாலத்துல விரிசல் இருக்குன்னு அமைச்சருக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?"

விரிசல் விஷயத்தைச் சகலையே ஒருநாள் சாப்பிடும்போது வாய்விட்டுச் சொல்லியிருந்தார். பின்னாலிருந்த அதிகாரி அவசரமாக ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார். அமைச்சர் அதைப் படித்து, மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியும். சொன்னாங்க. மழை முடியட்டும்னு தள்ளிப்போட்டது நான்தான். துறையில யார் மேலயும் பழி போட மாட்டேன். இந்தச் சபைக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். பதவியை விட்டு விலகறேன்."

எதிர்க்கட்சிக்காரர்களே மேசையைத் தட்டினார்கள். இவர் கையும் தட்டிக்கொண்டிருந்தது.

வீட்டில் மனைவி முகம் கொடுக்கவில்லை.

"கேள்வி கேட்டது நீங்கதானாமே?"

"கேக்கறது என் கடமைடி. அமைச்சர்னா சபைக்குப் பதில் சொல்லணும், அரசியலமைப்புலயே இருக்கு."

"இருக்கட்டும். என் தங்கச்சி வீட்டுல சாப்பிட உக்காந்த இடத்துலேர்ந்தா அதை எடுத்துட்டுப் போகணும்?"

பதவி போனால் ஆள் நம் உயரத்துக்கு இறங்கிவிடுவார் என்று நினைத்தது தப்பாகிவிட்டது. கடைத்தெருவில், சபை வளாகத்தில், எங்கே போனாலும் "மனுஷன்னா அவர்தான்" என்றார்கள். அதிகாரி நீட்டிய அந்த மழுப்பல் சீட்டு தன் கைக்கு வந்திருந்தால் அப்படியே வாசித்திருப்போம் என்பது இவருக்குத் தெரியும். நாற்காலியைப் பார்த்து எரிந்ததைவிட இது அதிகமாக எரிந்தது.

மறுநாள் மதியம் சகலை வீட்டுக்குப் போனார். வாசலில் காவலர் இல்லை, அரசாங்கக் கார் இல்லை. கொழுந்தியாள் கதவைத் திறந்து, "தூங்கறாரு அத்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கூடத்துச் சோபாவில் சகலை வாயைத் திறந்தபடி, ஒரு கால் தரையில் தொங்க, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். இவர் பையில் செல்போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். கட்சித் தலைவர்தான், காலியான துறையைப் பற்றித்தான் இருக்கும். கழற்றிய செருப்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, ஏறி இறங்கும் அந்த நெஞ்சைப் பார்த்தபடி நின்றார்.