இருபது எண்ணி முடிப்பதற்குள்

ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவதை இருபது தடவை, பதினாறே நொடியில் முடித்தாள் வெனிங். கிளப்பில் வேறு எந்தப் பெண்ணுக்கும் அந்த வேகம் கிடையாது. பாக் தர்சோ விசிலை வாயிலிருந்து எடுத்து, "பாத்துக்குங்கடி, இவ ஆட்டக்காரி" என்றார். கடைசியாக முடித்த தியாஸ் வழக்கம்போல அரங்கத்தைச் சுற்றி ஐந்து சுற்று ஓடக் கிளம்பினாள். போகிற போக்கில் வெனிங்கின் காதருகே குனிந்தாள்.

"உன் முட்டி என்னடி, ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டை எட்டிப் பாக்குது?"

"ஓடு, ஓடு. அஞ்சு சுத்து இருக்கு."

எங்கள் ஊர் பூர்வோகெர்த்தோவில் இருபத்தாறு வருஷமாக பாட்மின்டன் சொல்லிக்கொடுப்பவர் பாக் தர்சோ. 'பாக்' என்றால் 'ஐயா'. அவருக்கு எதுவானாலும் இருபது. குதிப்பது இருபது, குனிவது இருபது, தரையைத் துடைத்தாலும் துணியை இருபது தடவை இழுக்க வேண்டும். அவர் எண்ண ஆரம்பித்தால் விரட்டி வருகிற நாய்க்கு முன்னால் ஓடுகிறவன் மாதிரிதான் எண்ணுவார். முதலில் முடித்தவள் உட்காரலாம், கடைசியாக முடித்தவள் ஓட வேண்டும். இதில் ஒரு தத்துவம் இருப்பதாக அவர் நம்பினார். இருபத்தாறு வருஷத்தில் அதைக் கேள்வி கேட்க ஓர் ஆள் பிறக்கவில்லை.

இந்த ஒற்றைக் கால் பயிற்சி மட்டும் அவருடையது இல்லை. சோலோ நகரத்திலிருந்து வந்த பிசியோதெரபிஸ்ட் பிரீத்தா கொடுத்தது. பெண்கள் கோர்ட்டின் இடது பின்மூலைக்குத் தாவி, தலைக்கு மேலே ஷட்டிலை அடித்துவிட்டு இடது காலில் இறங்கும்போது முட்டி உள்பக்கமாகச் சாய்கிறது, அந்த ஒரு நொடியில்தான் தசைநார் அறுந்துபோகிறது என்று அவள் படம் போட்டுக் காட்டினாள். மூன்று எண்ணும் நேரம் இறங்கு, மூன்று எண்ணும் நேரம் எழு, முட்டி கால்விரலுக்கு நேரே நிற்கட்டும், இடுப்பு ஆடாமல் இருக்கட்டும். பிறகு குதித்துச் சத்தமில்லாமல் இறங்கு. எட்டு வாரம். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி பாக் தர்சோவிடம் கொடுத்திருந்தாள். அவர் அதை மரியாதையாகச் சுவரில், போன வருஷத்துக் காலண்டருக்கு மேலே குத்தி வைத்தார். 'மூன்று எண்ணும் நேரம்' என்ற வரியைப் பார்த்து, "நாம என்ன தூங்கிக்கிட்டா உக்காரப் போறோம்" என்று சிரித்துவிட்டு விசிலை ஊதினார்.

வெனிங்குக்கு இந்த எட்டு வாரம் உயிர்ப் பிரச்சினை. செப்டம்பர் முதல் சனிக்கிழமை செமாராங்கில் மாகாண அணித் தேர்வு. மட்டையைத் தொடுவதற்கு முன்னால் முட்டிச் சோதனை. ஐந்து தடவையில் மூன்று தடவை முட்டி உள்ளே சாய்ந்தால் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அடுத்த வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும். வீட்டில் அப்பா கணக்கியல் கல்லூரியின் விண்ணப்பத்தை வாங்கி, டிவிக்குப் பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்திருந்தார்.

நாலாவது வாரம் பிரீத்தா வந்து கைபேசியில் படம் பிடித்தாள். போட்டுப் பார்த்தாள். திரும்பப் போட்டுப் பார்த்தாள். வெனிங்கின் முட்டி முன்பைவிட மோசமாக இருந்தது.

"தினமும் செய்றீங்களா?"

"செய்றோம் அக்கா."

"ஒழுங்கா?"

"ஒழுங்கா அக்கா. நான்தான் எப்பவும் முதல்ல முடிப்பேன்."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பாக் தர்சோ எண்ணுகிற வேகத்தைப் பற்றி மட்டும் யாரும் மூச்சு விடவில்லை. எப்படி விடுவார்கள்? எங்கள் ஊரில் பெரியவர்களிடம் சொல்வதற்கு ஒரே பதில்தான், 'சரிங்க'. காதில் விழுந்தது என்பதற்கும் அதுதான், செய்ய மாட்டேன் என்பதற்கும் அதுதான், நீங்கள் செய்வது தப்பு என்பதற்கும் அதேதான். கேட்பவர் தானாகப் புரிந்துகொள்ள வேண்டும். பாக் தர்சோவுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

மறுநாள் காலை பிரீத்தா சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்று பார்த்தாள். விசில், எண்ணிக்கை, பெண்கள் தையல் இயந்திரத்து ஊசி போல ஏறி இறங்குவது எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தலையைத் தாழ்த்தி, "ரொம்ப சிரத்தையா நடத்துறீங்க பாக்" என்றாள். வெளியே வந்து வெனிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மனுஷன் உங்க காலையெல்லாம் ஒடிச்சிட்டுத்தான் ஓய்வாரு."

"நீங்க சொல்லுங்களேன் அக்கா."

"நானா? எங்கப்பா வயசு அவருக்கு."

ஆக, அவளும் எங்கள் ஊர்க்காரிதான். படிப்பு மட்டும்தான் வேறு.

சுதந்திர தின வாரம் வந்தது. தெருவுக்குத் தெரு கயிறு கட்டி, கெருபுக் அப்பளத்தைத் தொங்கவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயாலேயே கடித்துத் தின்னும் போட்டி நடந்துகொண்டிருந்தது. பிரீத்தா ஒரு மூட்டை அப்பளத்தோடு கிளப்புக்கு வந்தாள். "பாக், ஒரு போட்டி. நீங்கதான் நடுவரா இருக்கணும். ஒத்தக் கால்ல இறங்கணும், எழுந்து ஒரு கடி, திரும்ப இறங்கணும். இன்னொரு கால் தரையில பட்டா, முட்டி உள்ள போனா புது அப்பளம், முதல்லேருந்து. கடைசியா முடிக்கிறவ ஓடணும்" என்றாள்.

போட்டி என்றதும் பாக் தர்சோவின் முகம் மலர்ந்துவிட்டது. அப்பளம் தின்பதை யாராலும் விசில் ஊதி அவசரப்படுத்த முடியாது. அவசரப்பட்டவளுக்குப் புரையேறியது. மேலே பார்த்துக்கொண்டே இறங்க வேண்டியிருந்ததால் முட்டியைக் கண்ணால் காவல் காக்கவும் முடியவில்லை, இடுப்புதான் காக்க வேண்டியிருந்தது. முதல் நாள் வெனிங் ஏழு அப்பளம் மாற்றிக் கடைசியாக வந்தாள். தியாஸ் பொறுமையாக மென்று முதலில் முடித்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "ஓடு, ஓடு" என்றாள். ஓடும்போது வெனிங்குக்கு அழுகையே வந்துவிட்டது. வேகம்தான் அவளிடம் இருந்த ஒரே சொத்து.

மூன்றாவது வாரத்தில் அவள் ஒரே அப்பளத்தில் முடித்தாள். மோட்டார் சைக்கிளில் காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியாதபடி இடுப்பு வலித்தது. பாக் தர்சோ இந்தப் போட்டியைத் தானே கண்டுபிடித்தது போல எல்லா கிளப்புக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பளம் மெல்லிசாக இருக்கிறது என்று கடைக்காரனோடு சண்டைகூடப் போட்டார்.

செமாராங்கில் நாற்பது பெண்கள். சோதனை நடத்தியவர் விசிலோடு ஒரு குண்டு மனிதர். மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட வேண்டும் என்ற குறி அவர் முகத்திலேயே தெரிந்தது. "ம், ஏறு, ஒண்ணுரெண்டுமூணு, அடுத்தவ" என்று தள்ளிக்கொண்டிருந்தார். வெனிங்குக்கு முன்னால் போன நான்கு பேரில் மூன்று பேர் முட்டி சாய்ந்து, மட்டையை உறையிலிருந்து எடுக்காமலே வீட்டுக்குப் போனார்கள். சுவரோரப் பெஞ்சில் அவளுடைய தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பாக் தர்சோ உட்கார்ந்திருந்தார்.

சோதனைக்கு வைத்திருந்த பெட்டிமேல் வெனிங் ஏறினாள். விசில் ஊதியது. 'ஒண்ணு ரெண்டு' என்றதுமே கால் பழைய புத்திக்கு ஓடியது. இரண்டு தடவை முட்டி உள்ளே போனதை அவளே உணர்ந்தாள். இன்னும் ஒன்று போனால் கணக்கியல் கல்லூரி. அவள் நின்றுவிட்டாள்.

"என்ன?"

"மன்னிக்கணும் பாக். நீங்க எண்ற வேகத்துல செஞ்சா யாரு முட்டியும் நிக்காது. நான் மெதுவா செய்றேன்."

அவளுக்குக் காது வரை சுட்டது. படம் பிடித்துக்கொண்டிருந்த பெண் கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிப் பார்த்தாள்.

"நான் எண்றது உனக்குப் பிடிக்கலியா?"

"பிடிக்கல பாக்."

குண்டு மனிதருக்கு இப்படி ஒரு பதில் வரும் என்று யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. விசிலை வாயிலிருந்து எடுத்தார். "ரெண்டு போச்சு. மிச்சம் மூணு. உன் இஷ்டம்."

அவள் இறங்கினாள், எழுந்தாள். மூன்று தடவையும் முட்டி விரலுக்கு நேரே, ஆணி அடித்த மாதிரி நின்றது. குதித்து இறங்கியபோது சத்தமே கேட்கவில்லை. பிற்பகல் மூன்று ஆட்டம் ஆடி இரண்டில் ஜெயித்தாள். சாயங்காலம் ஒட்டிய பட்டியலில் அவள் பெயர் ஒன்பதாவதாக இருந்தது. அதை நாலு தடவை படித்தாள். அப்பாவுக்குப் போன் பண்ணி, அந்த விண்ணப்பத்தை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னாள்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே சோத்தோ சூப் கடையில் பாக் தர்சோ அவளுக்கு இரண்டு கிண்ணம் வாங்கிக் கொடுத்தார். தன் கிண்ணத்தை வெறுமனே கிளறிக்கொண்டிருந்தார்.

"நான் எண்றதும் அந்தாளு எண்றது மாதிரிதானா?"

'இல்லீங்க பாக்' என்பது பதினேழு வருஷமாக நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் அன்றைய வெட்கத்தை அவள் ஏற்கெனவே செலவழித்துவிட்டாள்.

"அதவிட வேகம் பாக்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"அந்த அப்பளப் போட்டி?"

"உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் பாக்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "கழுதைங்களா. ஒருத்தியாவது வாயத் திறந்திருக்கலாம்ல" என்றார். திட்டுகிற குரலில் ஆரம்பித்ததுதான், பாதியிலேயே தேய்ந்துவிட்டது. பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். ஹெஸ்தி. அவளுக்கு ரெண்டு முட்டியும் போச்சு. சூசனாவோட தங்கச்சி. அந்த உயரமான பொண்ணு, பேர் மறந்துபோச்சு. முர்னி.

"எந்த முர்னி பாக்?"

"நம்ம கிளப் வாசல்ல மெண்டோவான் பஜ்ஜி பொரிச்சு விக்கிறாளே, அவதான்."

வெனிங் தினமும் அவளிடம் வாங்கித் தின்கிறாள். அவள் மட்டையைத் தொட்டிருப்பாள் என்றுகூடத் தோன்றியதில்லை. அவள் ஏன் எப்போதும் உயரமான ஸ்டூலில், இடது காலை நீட்டி வைத்துக்கொண்டே பொரிக்கிறாள் என்று யோசித்ததும் இல்லை.

"நல்லா ஆடுவாங்களா பாக்?"

"இருபது எண்றதுக்குள்ள எப்பவும் அவதான் முதல்ல முடிப்பா" என்றார் பாக் தர்சோ.