ஷட்டர் இறக்கிய கடையில் ஓர் ஆறு

பத்தொன்பது ஆண்டுகளில் மயில்சாமி எந்த நிறத்தையும் விளக்கு வெளிச்சத்தில் நம்பியதில்லை. சாயப்பட்டறையின் லேப்பில் அவருக்கு வேலை. வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய துண்டுத்துணி ஒரு கையில், பட்டறையில் நனைந்து காய்ந்து வந்த துணி மறு கையில். இரண்டும் ஒன்றா, வேறா? அந்த ஒரு சொல்லுக்காக நானூறு கிலோ துணி காத்துக் கிடக்கும். குழல்விளக்கின் கீழ் இரட்டைப் பிள்ளைகள்போல் இருப்பவை மஞ்சள் விளக்கின் கீழ் பகையாளிகளாகிவிடும். ஆகவே லேப்பில் உள்ள விளக்குகள் அத்தனையையும் போட்டுப் பார்த்த பிறகும் இறுதித் தீர்ப்பை அவர் கதிரவனிடமே கேட்பார். துணியோடு வாசலுக்கு வருவார். வடக்கு வானத்தை நோக்கிப் பிடிப்பார். அதன் பிறகே தலையசைப்பார்.

அந்தக் கண்களோடுதான், தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, மகள் அன்புசெல்வியை அழைத்துக்கொண்டு நஜீமுதீனின் கம்ப்யூட்டர் கடைக்கு வந்து சேர்ந்தார்.

அன்புசெல்விக்குப் பதினாறு வயது. பிளஸ் ஒன் படிக்கிறாள். இரண்டு ஆண்டுகளாக அவள் ஓர் ஆட்டத்தைப் பிறர் ஆடக் கண்டு வருகிறாள். கைப்பேசியின் சிறு திரையில் யாரோ ஒருவர் மலையேறுகிறார், காட்டில் அலைகிறார், கூடாரம் அடிக்கிறார். இவள் விருந்து நடக்கும் வீட்டின் சன்னலில் நிற்பவள்போலப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஆட்டம் கைப்பேசியில் ஓடாது. சாதாரணக் கம்ப்யூட்டரிலும் சரியாக ஓடாது. படங்களைப் படைப்பதற்கென்றே தனியாகக் கிராபிக்ஸ் கார்டு பொருத்திய கம்ப்யூட்டர் வேண்டும். அப்பாவின் போனசும் அம்மாவின் போனசும் சேர்ந்து இந்த ஆண்டு ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு வழி செய்திருந்தன. இன்று தவறானது வீடு வந்து சேர்ந்தால், சரியானது வரும் நாளில் அவள் பள்ளியை முடித்து எந்தப் பனியன் கம்பெனியிலோ தைத்த பீஸ்களை எண்ணிக்கொண்டிருப்பாள்.

தவறானது வருவதற்கே வாய்ப்பு மிகுதி. மகளின் ஆசை தெரிந்திருந்தும், கம்ப்யூட்டர் வாங்குவது படிப்புக்கு என்று மயில்சாமி தம் மனைவி சித்ரகலாவிடம் சொல்லி வைத்திருந்தார். சித்ரகலா பனியன் கம்பெனியில் துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர். தன் தையல் லைனில் இருந்த அத்தனை பேரிடமும் அவள் அதைப் பெருமையாகச் சொல்லியும் விட்டாள்.

கூலிக்காரர் பெற்ற பிள்ளை, அதிலும் பெண்பிள்ளை, விளையாடுவதற்கென்று ஒரு பொருளைக் கேட்கலாமா? கேட்டால் குடி முழுகிவிடுமாம். இந்தத் திருப்பூர் எதைத் தைக்கிறது? ஐரோப்பாவின் பிள்ளைகள் பந்தாடும் உடையைத் தைக்கிறது. அமெரிக்காவின் பிள்ளைகள் ஊஞ்சலாடும் உடையைத் தைக்கிறது. எந்தக் கடற்கரையிலோ மணல்வீடு கட்டும் குழந்தைக்கு மூன்று பித்தான் வைத்த சட்டை தைக்கிறது. உலகத்துப் பிள்ளைகளின் விளையாட்டையெல்லாம் முதுகு வளைத்துத் தைத்துக் கொடுக்கும் ஊரில், தைத்தவளின் மகள், விளையாட்டு என்ற சொல்லைப் படிப்பு என்ற சொல்லுக்குள் ஒளித்துவைத்துத்தான் கடைவாசல் மிதிக்க வேண்டியிருந்தது.

நஜீமுதீன் நாற்பது வயதுக்காரர். நிட்டிங் மெஷின்களின் எலக்ட்ரானிக் போர்டுகளைப் பழுதுபார்த்து, அந்தப் பழக்கத்தில் கம்ப்யூட்டருக்கு வந்தவர். என்ன தேவைக்கு என்று கேட்டார். படிப்புக்கு என்றார் மயில்சாமி. அன்புசெல்வி தரையைப் பார்த்தாள்.

அவர் ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்து வைத்தார். புதியது, மூன்றாண்டு வாரண்டி உடையது, கைக்கு அடக்கமானது. மயில்சாமிக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போயிற்று. அன்புசெல்வியோ மேசைக்கு அடியில் கிடந்த ஒரு கறுப்புப் பெட்டியைச் சுட்டி, அதில் என்ன கார்டு என்று மெல்லக் கேட்டாள். அவர் சொன்னார். எத்தனை ஜிபி? எட்டு. யார் ஓட்டியது? கோவைக்குப் படிக்கப் போன ஒரு பையன் விற்றது. இரவு பகலாகக் கிரிப்டோ காயின் எடுக்க ஓட்டியதில்லையே? பவர் சப்ளை எத்தனை வாட்? ஓடும்போது எவ்வளவு சூடேறுகிறது என்று திரையில் காட்ட முடியுமா?

நஜீமுதீன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏனுங்ணா, கம்ப்யூட்டர் வாங்க வந்தீங்களா, எங்கடையை ஆடிட் பண்ண வந்தீங்களா?"

மயில்சாமி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறைக்கு வரும் வெளிநாட்டு இன்ஸ்பெக்டர் இப்படித்தான் கேட்பார். அவருக்கு அதற்குச் சம்பளம் உண்டு. இவளுக்கு இதையெல்லாம் யார் கற்றுக் கொடுத்தார்கள்? எப்போது கற்றாள்?

விலையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. வெள்ளைக்கு வாரண்டி உண்டு, கிராபிக்ஸ் கார்டு இல்லை. கறுப்புக்குக் கார்டு உண்டு. வாரண்டிக்குப் பதிலாக ஒரு மாதத்துக்கு நஜீமுதீனின் வாய்ச்சொல் மட்டுமே உண்டு. அப்பா எதைத் தூக்குவார் என்பது அன்புசெல்விக்குத் தெரிந்தது. ரெண்டிலும் ஒரே கேமைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், பார்த்துவிட்டு நீங்களே முடிவு சொல்லுங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டாள். அதற்கு மேல் வாதாட அவளுக்குத் துணிவில்லை.

"கேமுங்களா? படிக்கறதுக்குன்னு சொன்னீங்களேங்ணா" என்றார் நஜீமுதீன்.

மயில்சாமி மின்விசிறியைப் பார்த்தார்.

ஒரே வகைத் திரைகள் இரண்டைப் பொருத்தி, அவள் கேட்ட ஆட்டத்தையே நஜீமுதீன் இரண்டிலும் ஓடவிட்டார். மயில்சாமி அருகே போகவில்லை. கூரையில் பன்னிரண்டு குழல்விளக்குகள். சுவரில் ஊதாவும் நீலமுமாக அலங்கார விளக்குகள். இப்படிப்பட்ட வெளிச்சத்தில்தான் முன்னொரு முறை அவர் ஓர் ஆலிவ் பச்சைக்குத் தலையசைத்தார். அந்தச் சரக்கு, கடலுக்கு அப்பால் பகல் வெளிச்சத்தில் பழுப்பாகி, மொத்தமும் திரும்பி வந்தது. ஒரு தடவை பட்டது போதும்.

"பாய், ரெண்டையும் வாசலுக்குக் கொண்டாங்க. வெயில்ல வெச்சுப் பாக்கோணும்."

நஜீமுதீன் சிரித்தார், வந்தவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் நீள வயரைத் தேடி எடுத்தார். இரண்டு ஸ்டூல்கள், இரண்டு திரைகள், பதினொரு மணி வெயில். பக்கத்து பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஸ்கோர் என்ன என்று ஒருவர் கேட்டார். மயில்சாமி திரைகளை வடக்கு நோக்கித் திருப்பினார், சாய்த்தார், கண்களைச் சுருக்கினார். இரண்டிலும் எதுவுமில்லை. இரண்டு சாம்பல் பலகைகள். அவற்றில் அவருடைய முகம், முதுகுக்குப் பின்னால் ஈ.பி. கம்பம்.

"ரெண்டுமே ஆகாதுங்க பாய். வெயில்ல நிக்காதது ஒரு கலருங்களா?"

"அப்படிப் பாத்தா நெலாவையும் மத்தியானந்தானுங்ணா பாக்கோணும்."

கூட்டம் சிரித்தது. அன்புசெல்வியின் முகம் எரிந்தது. இன்னும் ஒரு சிரிப்பு விழுந்தால் அப்பா வெள்ளைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவார். அல்லது வெறுங்கையோடு நடந்துவிடுவார். அவள் அவரருகே போய், அவருக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னாள்.

"அப்பா, துணி வெளிச்சத்தை வாங்கித்தானுங்க காட்டுது. இது வெளிச்சத்தைத் தானே குடுக்குது. வெயில் மேல பட்டா இது குடுக்கறது நம்ம கண்ணுக்கு வந்து சேராதுங்கப்பா."

மயில்சாமி அசையாமல் நின்றார். பச்சை, சிவப்பு, நீலம் என்று வாழ்நாளெல்லாம் தாம் தரம் பிரித்த அத்தனையும் வேறொன்றிடமிருந்து ஒளியை வாங்கிக் காட்டியவை. ஒளியையே நிறமாகக் கக்குகிற ஒன்றின் முன்னால் தாம் ஒருநாளும் நின்றதில்லை. இந்த வேறுபாட்டைப் பத்தொன்பது ஆண்டுகள் தமக்கு ஒருவரும் சொன்னதில்லை. சொன்னது, சற்று முன்புவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்.

"அப்ப இருட்டுல பாக்கோணுமா கண்ணு?"

"ஆமாங்கப்பா."

அவர் நஜீமுதீனைப் பார்த்து, ஷட்டரை இறக்க முடியுமா என்று கேட்டார். தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடைக்காரர் ஷட்டரை இறக்குவார்? நஜீமுதீன் தந்தையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கொஞ்ச நேரந்தான் என்றார். திரைகள் உள்ளே போயின. ஷட்டர் இறங்கியது. குழல்விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

முதலில் வெள்ளைப் பெட்டி. ஆற்றங்கரை ஒன்று வந்தது. மரங்கள் அட்டையில் வெட்டி ஒட்டியவைபோல் நின்றன. தண்ணீர் என்று சொல்லத்தக்க இடத்தில் ஒரு நீலப் பரப்பு, விட்டுவிட்டு, விக்கல் எடுத்தாற்போல் நகர்ந்தது. பார்த்துப் பழகிய கண் உடனே பிடித்தது: ஒரே தொட்டியில் முக்கி எடுத்த ஒற்றை நிறம்.

பிறகு கறுப்புப் பெட்டி. உள்ளே விசிறிகளின் ஓசை உயர்ந்தது.

மயில்சாமி ஓரடி பின்வாங்கினார். கடையின் நடுவே ஓர் ஆறு திறந்துகொண்டது. மேற்பரப்பில் வானம் மிதந்தது; வானத்துக்குக் கீழே தண்ணீர்; தண்ணீருக்குக் கீழே கூழாங்கற்கள். ஒவ்வொரு கல்லின் முதுகிலும் வெயிலின் வலைப்பின்னல் நெளிந்தது. ஓர் இலை மிதந்து போயிற்று. அதன் நிழல் அடித்தளத்தில், சற்றே பின்தங்கி, கல்லுக்குக் கல் ஏறி இறங்கிக் கூடவே போயிற்று. அவர் பச்சையின் வகைகளை எண்ணத் தொடங்கினார். கரையோரப் பாசி, ஆழத்தின் இருள், இலையின் முதுகு, இலையின் வயிறு. இருபத்தேழில் எண்ணிக்கை தவறியது. மங்கலம் சாலையில் அவர்கள் குடியிருக்கும் லைன்வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், சாயக்கழிவு கலந்து கறுத்த நொய்யல் ஆறு ஓடுகிறது. அதன் அடியில் என்ன இருக்கிறது என்பதை அன்புசெல்வி பிறந்தது முதல் பார்த்ததில்லை.

அவர் சட்டைப்பையிலிருந்து, துணியின் இழை எண்ணும் சிறு லென்சை எடுத்தார். நஜீமுதீன் தடுக்கவில்லை. திரையில் கண்ணை வைத்தார்.

அங்கே ஆறு இல்லை. அணி அணியாக நிற்கும் நுண்ணிய விளக்குகள்: சிவப்பு, பச்சை, நீலம். இந்த மூன்றே. ஒரு மஞ்சள் பூவின்மேல் லென்சை நகர்த்தினார், மஞ்சளைக் காணோம். சிவப்பும் பச்சையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எரிந்தன. சாயத்தொட்டியில் அவ்விரண்டையும் கலந்தால் சேறு வரும். நுரையின் வெள்ளைக்கு நகர்த்தினார். மூன்றும் முழுவீச்சில் எரிந்தன. தொட்டியில் எல்லா நிறங்களையும் கொட்டினால் கறுப்பல்லவா வரும்? இங்கே அவை ஒன்றுகூடிய இடத்தில் வெள்ளை பிறந்திருந்தது. தாம் அறிந்த விதி அத்தனையும் தலைகீழாக நின்று, அப்படி நின்றபடியே உண்மையாகவும் இருந்தது.

லென்சை எடுத்தபோது அவர் குரல் தணிந்திருந்தது. "கண்ணு, இதையெல்லாம் நீ போன்ல இத்துனூண்டாவா பாத்துட்டு இருந்த?"

அவள் தலையாட்டினாள்.

கறுப்புப் பெட்டிதான் என்று முடிவாயிற்று. ஆனால் அதில் பாதி சித்ரகலாவின் உழைப்பு. மயில்சாமி கைப்பேசியை எடுத்தார். ஷிப்மென்ட் அவசரத்துக்காக அன்றும் அவளுக்கு அரை ஷிப்ட். அது முடியும் நேரம். எதிர்முனையில் மெஷின்கள் இரைந்தன.

"சித்ரா, உங்கிட்ட ஒரு பொய் சொல்லிப்போட்டேன். இந்தக் கம்ப்யூட்டரு படிப்புக்கில்ல. புள்ள வெளையாடறதுக்கு."

"வெளையாடறதுக்கு மட்டுமுங்களா?"

"படிக்கவும் ஆகும். ஆனா படிக்கறதுக்கு இத்தனை பெருசு வேண்டீதில்ல."

லைன் முழுக்கச் சொல்லிவிட்டேனே, இனி அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அவள் கேட்டாள். அவர், "இங்க ஒரு ஆறு ஓடுது சித்ரா. அடியில கல்லு தெரியுது" என்றார்.

"எந்த ஆத்துலீங்க?"

வந்து பார் என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது.

இருபது நிமிடத்தில் அவள் வந்தாள். நஜீமுதீன் ஷட்டரை இடுப்பளவு தூக்க, குனிந்து நுழைந்தாள். தலைமுடியில் பஞ்சுத்தூள், கையில் சாப்பாட்டுக் கூடை, முகத்தில் சண்டைக்குத் தேவையான சொற்கள் அனைத்தும் தயாராக இருந்தன. ஷட்டர் மீண்டும் இறங்கியது. இருட்டில் ஆற்றைக் கண்டதும் அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

அன்புசெல்வி அவளை நாற்காலியில் உட்காரவைத்து, அவள் விரல் ஒன்றை எடுத்து ஒரு விசையின்மேல் வைத்தாள். அழுத்தினால் நடப்பீர்கள், எடுத்தால் நிற்பீர்கள் என்றாள். நாளுக்கு ஆயிரத்துக்குக் குறையாத பீஸை ஊசிக்குக் கொடுக்கும் அந்த விரல், உடைந்துவிடுமோ என்று அஞ்சி, அழுத்தியது. திரையில் உலகம் நடந்தது. எடுத்தாள், நின்றது. மறுபடி அழுத்தினாள். புல்வெளி கடந்து, மணல் கடந்து, தண்ணீரின் விளிம்புக்கு வந்து நின்றாள். வெகுநேரம் நின்றாள்.

"ஆழமா இருக்குமா அம்முணி?"

"தெரியலீங்கம்மா. நான் எறங்குனதே இல்ல."

சித்ரகலா குனிந்து கற்களைப் பார்த்தாள். அவளை அறியாமலே வலக்கை முழங்காலருகே சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்தது. இடக்கை விரல் விசையை அழுத்தியது. தண்ணீர் விலகிச் சுழன்று வழிவிட்டது.

"இதுக்கே பில் போடச் சொல்லுங்க" என்றாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "லைன்ல கேட்டா, வெளையாடறதுக்குன்னே சொல்லிக்கறேன்."

பில் போட விளக்கைப் போட வேண்டும். வெளியே யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். உள்ளே இருந்த நால்வரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.