உலைநத்தைக்கு நீலப் பழம்

என் மச்சினன் ஆம்புலன்ஸ் ஓட்டிய காலத்தில் அவனுடைய வேகத்தைப் பற்றி நான் சொன்ன எதையும் யாரும் நம்பியதில்லை. ஒருமுறை ஒருவரை ஏற்றிக்கொண்டு கிளம்பியவன், அவருக்கு நோய் வருவதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கிவிட்டான். படுத்திருந்தவர் எழுந்து, நாம் எதற்கு இங்கே வந்தோம் என்று கேட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார். நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். வாழ்நாள் முழுக்க மேலும் கீழும் போய்வந்தவனுக்குப் பொய் சொல்ல நேரம் ஏது?

ஊரே அவனை சைரன் என்றுதான் கூப்பிடும். ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. அதோடு சைரன் மெதுவாகிவிட்டான். இந்த இடத்தில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. வலது கை மடியில் கிடந்தது. பேச்சு ஒவ்வொரு சொல்லாக, வரிசையில் நின்று டோக்கன் வாங்கிக்கொண்டு வெளியே வந்தது. கல்யாணத்துக்குக்கூட நிற்க நேரமில்லாமல் ஓடியவன், ஆகவே அக்கா வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்தான். அக்கா என்றால் என் மனைவி. முன்னறையை அவனுக்கு ஒழித்துக் கொடுத்தாள். பிசைவதற்கு ஒரு ரப்பர் பந்தையும் கொடுத்தாள். அவன் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான்.

விரலுக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று பிசியோதெரபிக்கார அம்மா சொன்னதால், நான் ஒரு பழைய கேம் மெஷினை வாங்கிவந்தேன். முதலில் கார் ஓட்டும் கேமைப் போட்டேன். அவன் கார் முதல் வளைவிலேயே சுவரில் முட்டி நின்றது. மற்ற கார்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி வந்து அவனைக் கடந்து போயின. கன்ட்ரோலரை வைத்துவிட்டு மறுபடியும் சுவர். ஆம்புலன்ஸ் ஓட்டியவனுக்கு இதைப் போட்டுக்காட்டியவனை என்ன சொல்வது என்று என் மனைவி யோசித்தாள். யோசித்ததை எல்லாம் சொல்லவும் செய்தாள்.

அடுத்துப் போட்டதுதான் பிராணிச் சண்டை கேம். பிராணிகளைப் பிடித்து, பழம் ஊட்டி வளர்த்து, ஆறு பிராணி கொண்ட ஒரு டீம் கட்ட வேண்டும். ஆட்டம் தொடங்கும்போது இரண்டு பக்கமும் தங்கள் ஆறையும் காட்டிவிட்டு, அதில் நான்கை மட்டும் களத்தில் இறக்கும். நீங்கள் யோசித்து முடித்து பட்டனை அழுத்தும்வரை எதிரியின் டிராகன்கூட ஆடாமல் அசையாமல் காத்துக்கொண்டு நிற்கும். உடம்பு படுத்த பிறகு சைரனுக்கு அப்படி ஒரு மரியாதையை வேறு யாரும் கொடுத்ததில்லை, என்னையும் சேர்த்து. அவன் வாக்கியத்தை நானே முடித்துவைத்துவிடுவது என் வழக்கம்.

இந்தக் கேமுக்குப் போட்டி உண்டு, சீசன் உண்டு. எந்தப் பிராணிக்கு அனுமதி, எதற்குத் தடை என்று சீசனுக்கு சீசன் விதி மாறும். மாறாதது ஒன்றுதான்: வேகமானது முதலில் அடிக்கும். அதனால் எல்லாரும் வேகப் பேய்களாகச் சேர்ப்பார்கள். சைரன் நேர்மாறாகக் கட்டினான். அவனிடம் ஒரு விளக்கு வௌவால் இருந்தது. அது விளக்கை அணைத்துவிட்டுத் தலைகீழாகத் தொங்கினால், களம் மொத்தமும் கொஞ்ச நேரத்துக்குத் தலைகீழாகிவிடும். அப்போது கடைசியில் அடிக்க வேண்டியது முதலில் அடிக்கும், முதலில் அடிக்க வேண்டியது கடைசியில் நிற்கும். அந்த நேரம் பார்த்து அவன் இறக்குவது உலைநத்தை. முதுகில் ஓட்டுக்குப் பதிலாக ஒரு கொல்லன் உலையைச் சுமக்கும் பிராணி. கேமிலேயே அதைவிட மெதுவானது கிடையாது. நான் அதற்கு சம்பந்தி என்று பெயர் வைத்தேன். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு வந்து சேரும், வந்தவுடன் வீட்டையே எரித்துவிடும்.

சிவப்புப் பழம் ஊட்டினால் பிராணிக்கு பலம் ஏறும், மஞ்சள் ஊட்டினால் தோல் தடிக்கும், நீலம் ஊட்டினால் வேகம். சம்பந்திக்கு நீலம் மட்டும் ஆகாது. சர்க்கரை வியாதிக்காரர் இருக்கிற வீட்டில் மிட்டாய் டப்பாவை ஒளிப்பதுபோல, சைரன் நீலப் பழங்களைப் பைக்குள் அடியில் தள்ளி வைத்திருந்தான். அவனோடு தினமும் ஆடிப் பழகுவதற்கு நான் ஒரு வேக டீம் வைத்திருந்தேன். தோற்பதுதான் என் வேலை. சம்பளம் கிடையாது என்றாலும் நிரந்தர உத்தியோகம்.

என் மனைவிக்கு மட்டும் இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை.

"ஏண்டா, உலகத்துல வேற பிராணியே இல்லையா? போயும் போயும் நத்தையைப் புடிச்சு வெச்சிருக்கே?"

"நல்ல... நத்தை... க்கா."

"அது பாவம், எல்லார்கிட்டயும் அடி வாங்கும்டா. பாத்தாலே வயிறு எரியுது."

"எரியறது அதோட முதுகு," என்றேன் நான். எனக்கு அன்று டீ வரவில்லை.

சீசன் தொடங்கிய வாரம், அவள் தலையணைக்கு அடியிலிருந்து பந்தை எடுத்து அவன் கையில் திணித்தாள். பிசைந்தால் கை வரும் என்றாள். வந்து என்ன செய்யப்போகிறோம் என்று அவன் கேட்டான். பிறகு அவன் பேசியது, படுத்த நாளிலிருந்து அவன் பேசியதிலேயே நீளமான பேச்சு. அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டாள்.

"இந்த சீசன்... கடைசி எட்டுல... வந்தேன்னா... பிசையறேன். சாகறவரைக்கும். வரலைன்னா... விட்டுடு... க்கா. என்னை."

'என்னை' என்ற சொல் வந்து சேர்ந்தபோது அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டில் யார் எது சொன்னாலும் பதிலுக்கு ஒன்று வைத்திருப்பவள், "சரி," என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து அவன் பிசைந்தான். அட்வான்ஸ் கொடுப்பதுபோல, கேட்காமலே பிசைந்தான். சுண்டுவிரல் அசைந்தது. இரண்டு தகுதிச் சுற்றுகளில் ஜெயித்தான். ஒரு சுற்றில் சம்பந்தி விட்ட அனலில், எதிரே இருந்த தாடிக்காரருடைய தாடியின் நுனி கருகியதை என் கண்ணால் பார்த்தேன். சைரன் சாட்சி. கேட்டால் மெதுவாக ஆமாம் என்பான்.

இறுதிப் போட்டிக்கு முந்தின வாரமே ஆறு பிராணிகளையும் பதிந்து அனுப்பிவிட வேண்டும். அனுப்பிவிட்டால் பூட்டு. பிறகு ஒரு பழம்கூட ஊட்ட முடியாது, எடுக்க முடியாது. அவன் அனுப்பினான். தினம் பக்கத்தில் படுக்கிற பிள்ளையின் எடையை யார் போட்டுப் பார்க்கிறார்கள்? அவனும் பார்க்கவில்லை. அந்த நாட்களில் மத்தியானம் அவன் தூங்கும்போது என் மனைவி மெஷினைக் கையில் வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். தூசி துடைக்கிறேன் என்பாள். எங்கள் வீட்டில் அவள் துடைக்காத பொருள் கிடையாது என்பதால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

போட்டி நடந்தது ஒரு பெரிய ஹாலில். மடக்கு மேஜைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், கழுத்தில் அட்டை மாட்டிய நடுவர்கள். காலையில் அவன் டீமைத் திறந்து, சம்பந்தியின் பலம், தோல், வேகம் எழுதிய கணக்கையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எதையுமே வெகுநேரம்தான் பார்ப்பான். "என்ன மாப்ளே?" என்றேன். "ஒண்ணுமில்ல," என்றான். வழக்கத்தைவிடச் சீக்கிரமாகச் சொன்னான்.

முதல் ஆட்டங்களில் எதிரே வந்தவை எல்லாம் வேகப் பேய்கள். வௌவால் தொங்கியது, சம்பந்தி எரித்தது. கடைசி எட்டுக்கு இன்னும் ஒரே ஆட்டம். எதிரே வந்து உட்கார்ந்தது பல் டாக்டருக்குப் படிக்கிற ஒரு பெண். சூயிங்கம் மென்றுகொண்டே தன் ஆறையும் காட்டினாள். அதில் ஒரு மலைமாடு இருந்தது. கேமில் மெதுவானவற்றில் இரண்டாவது. அவனுடைய ஆறைப் பார்த்ததும் அவள் வாய் நின்றது.

"நத்தையா? நெஜமாவா அங்கிள்? மாடு கொண்டுவந்தா போதும், களம் தலைகீழானா எல்லாத்தையும் பின்னால தள்ளிடலாம்னு நெனச்சேன். இதை யாரும் வளர்க்கறதே இல்லையே."

சைரன் சிரித்தான். அவனுடைய முகத்தில் பாதிதான் சிரிக்கும். ஆனால் அன்று அந்தப் பாதியும் சரியாக இல்லை.

ஆட்டம் நீண்டது. அவள் பக்கம் மாடு மட்டும் மிஞ்சியது, இவன் பக்கம் சம்பந்தி மட்டும். களம் தலைகீழாகத்தான் இருந்தது. நத்தை முதலில் அடிக்கும், மாடு சாம்பலாகும். இது எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் தெரியும் என்பதால், கிளம்புவதற்குப் பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, கடமைக்கு ஒரு பட்டனை அழுத்தினாள்.

மாடு முதலில் அடித்தது.

மலையிலிருந்து வெள்ளம் இறங்கி உலை அணைந்தது. புகை வந்தது. அவ்வளவுதான். அந்தப் பெண் திரையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அங்கிள், உங்க நத்தை மாட்டைவிட வேகமா இருக்கு. நீலப் பழம் போட்டிருக்கீங்களா? இதுக்குப் போடக்கூடாதே, உங்களுக்குத் தெரியாதா?"

கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டுக் கேட்டாள். அவன் இடது கையை நீட்டி அவளுடைய கையைக் குலுக்கினான்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெகுதூரம் வந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"அக்கா... ஊட்டியிருக்கா."

"எப்ப தெரியும் உனக்கு?"

"காலையில."

"காலையிலயேவா? தெரிஞ்சே போய் உக்காந்தியா? என்கிட்டயாவது சொல்லக்கூடாதா?"

"சொன்னா... பூட்டு... தொறக்குமா?"

லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோனால், உள்ளே இருப்பவர்களோடு ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். எத்தனையோ பேரோடு பேசியிருக்கிறேன். அன்று எனக்கு ஒரு புளுகுகூட வாயில் வரவில்லை.

"அக்காகிட்ட... சொல்லாத... அத்தான்," என்றான்.

கதவைத் திறந்ததுமே அவள் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் முகங்களைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அவள் ஆசைப்பட்ட கேள்வி முந்திக்கொண்டது.

"சம்பந்தி எப்படி ஓடிச்சு? மொதல்ல அதைச் சொல்லு."

"ஓடிச்சு... க்கா."

"ஓடிச்சா? நான்தாண்டா! தினம் நீ தூங்கறப்ப நீலமா இருக்குமே ஒரு பழம், அதை ஊட்டினேன். சாப்பிட்டா வேகம் கூடும்னு பக்கத்துலயே எழுதியிருந்துச்சு. நீ பாட்டுக்குப் பைக்கு அடியில போட்டு வெச்சுட்டு மறந்துட்டே. ஒருநாள் விடல. உனக்குச் சொல்லாம, அங்க போய்ப் பாத்துச் சந்தோஷப்படட்டும்னு..." அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தாள். "என்னங்க, ஜெயிச்சாச்சு இல்ல?"

நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஒரு செருப்பைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகுமோ அதைவிட அதிக நேரம் கழற்றினேன்.

"தோத்துட்டோம்... க்கா," என்றான் அவன்.

"ஏண்டா? அதான் ஓடிச்சுன்னியே?"

"அது ஓடிச்சு. மத்ததெல்லாம்... மெதுவு."

தேர்ந்த புளுகன் என்று என்னை எல்லாரும் சொல்வார்கள். அந்தப் பட்டத்தை அன்றே வாசலில் கழற்றி, செருப்போடு வைத்துவிட்டேன்.

அவன் முன்னறைக்குப் போய்த் தலையணைக்கு அடியிலிருந்து பந்தை எடுத்துவந்து, சாப்பாட்டு மேஜையில் அவளுக்கு முன்னால் வைத்தான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. 'சரி' என்று சொன்னவள் அவள்தானே. பந்து உருண்டு மேஜையை விட்டு விழுந்து, ஃப்ரிட்ஜுக்கு அடியில் போனது.

பிசியோதெரபிக்கார அம்மா இப்போது வருவதில்லை. வரவேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். முன்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். சுண்டுவிரல் பழையபடி மடிந்துகொண்டது. பந்து அங்கேயேதான் கிடக்கிறது. துடைப்பத்தை விட்டு இழுத்தால் வந்துவிடும், என் மனைவி பெருக்கும்போது அந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போகிறாள்.

ஆனால் மத்தியானங்களில் அவள் மெஷினை எடுத்துக்கொண்டு அவனுடைய கட்டில் ஓரத்தில் உட்காருகிறாள். மற்ற ஐந்து பிராணிகளுக்கும் முறை வைத்து நீலப் பழம் ஊட்டுகிறாள். அடுத்த சீசனுக்குள் ஆறும் பறக்க வேண்டுமாம்.

"வௌவாலுக்கு இன்னிக்கு ரெண்டு பழம் போட்டிருக்கேண்டா. நல்லா சாப்பிடுது. போடட்டுமா இன்னொண்ணு?"

"போடு," என்கிறான் சுவரைப் பார்த்தபடி. அந்தச் சொல் மட்டும் உடனே வந்துவிடுகிறது.