விருந்துக்குப் போன வழியில் ஒரு மணிக்கூண்டு

கல்யாணம் முடிந்து நாலு நாளாகியும் பாலகுரு தன் பெண்டாட்டியிடம் பேசிய பேச்சையெல்லாம் ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். "சாப்பிட்டியா?", "ஃபேன் போடவா?", "வெளக்க அமத்தவா?" அவ்வளவுதான்.

செல்வலட்சுமிக்கு மூச்சு முட்டியது. அச்சங்குளத்துப் பட்டாசு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தவள் அவள். அந்தக் கொட்டகையில் பெண்கள் பேசுகிற பேச்சில் ஒரு நாள் போவதே தெரியாது. வாய்த்தவரோ இப்படி! ஆமத்தூர்க்காரர், சிவகாசியில் காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸில் மிஷின் ஓட்டுகிறவர். மிஷின் இரைச்சலிலேயே நின்று நின்று மனுஷனுக்குப் பேச்சே மறந்துபோச்சோ என்னவோ என்று நினைத்துக்கொண்டாள்.

அது 2005, தை மாதம். காலண்டர் சீசன் முடிந்து பிரஸ்ஸில் வேலை குறைந்திருந்தது. சொந்தபந்தமெல்லாம் புதுத் தம்பதியை விருந்துக்கு அழைத்தார்கள். முதல் விருந்து சாத்தூரில், அவளுடைய சித்தப்பா நாகையா வீட்டில். பைக்கில் போனார்கள். வழியெல்லாம் ஒரு வார்த்தை இல்லை. சாத்தூருக்குள் நுழைந்து ஒரு தெரு திரும்பியதும் சடாரென்று பிரேக் போட்டான். செல்வலட்சுமி அவன் முதுகில் மோதிக்கொண்டாள்.

"என்னங்க, பஞ்சரா?"

அவன் வாயைப் பிளந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் பார்த்தாள். பருத்தி மூடை அடுக்குகிற பழைய கிட்டங்கி ஒன்று. அதன் நெற்றியில் சுதையில் செய்த இரண்டு கிளிகள், நடுவில் சுளகு அகலத்துக்கு ஒரு கடிகாரம். முட்கள் அசையாமல் நின்றிருந்தன. எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் என்னென்னவோ எழுத்துகள்.

எதிரே சலூன் கடைக்காரர், "என்ன பாக்கீக? மொதலாளி பேரு இனிஷியலுன்னு சொல்லுவாக," என்றார்.

"வட்டம் முழுக்க இனிஷியலா போடுவாக?" என்றான் பாலகுரு.

செல்வலட்சுமி கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒன்று இருக்க வேண்டிய இடத்திலிருந்து படித்துக்கொண்டு வந்தாள். க மாதிரி ஒன்று. அடுத்து உ. அஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் ரு. அதற்குள் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

"ஏங்க, அது எழுத்தில்லங்க. தமிழ் எண்ணு! பள்ளிக்கூடத்துல டீச்சர் எழுதிக் காட்டிருக்காக. ஏழுக்கு எ, எட்டுக்கு அ, பத்துக்கு ய மாதிரி வரும். பாருங்க, எல்லாம் சரியா இருக்கு!"

பாலகுரு திரும்பி அவளைப் பார்த்தான். தாலி கட்டும்போதுகூட இப்படிப் பார்க்கவில்லை. சலூன்காரரும் கத்திரியோடு நடுரோட்டுக்கு வந்து, "அட, இம்புட்டு வருசமா எதுக்கவே ஒக்காந்திருக்கேன், தெரியலையே தாயி!" என்றார்.

அதோடு அணை உடைந்தது. சித்தப்பா வீடு போகிறவரைக்கும் பாலகுரு வாயை மூடவில்லை. காலண்டர் லோடு ஏற்றிக்கொண்டு போன லாரியில் ஒரு தடவை இவனும் சென்னைக்குப் போனானாம். அங்கே கோபுரக் கடிகாரங்களைப் பார்த்ததிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் கண் மேலேதான் போகுமாம்.

"கையில கட்டுற வாச்சு நமக்கு மட்டுந்தான புள்ள. இது ரோட்டுல போற வார அம்புட்டுப் பேருக்கும்ல! யாரோ ஒருத்தர் ஊருக்கே நேரம் தெரியட்டும்னு நெனச்சிருக்காக."

இந்த மனுஷனுக்குள்ளே இவ்வளவு பேச்சா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சித்தப்பா வீட்டில் கோழிக்குழம்பு ஆறிப்போயிருந்தது. அதைப் பற்றி இரண்டு பேருக்கும் கவலையே இல்லை.

அதற்குப் பிறகு விருந்து என்பது ஒரு சாக்குத்தான். அருப்புக்கோட்டையில் நூல் கடை மாடியில் ஒற்றை முள்ளோடு ஓடுகிற கடிகாரத்தைக் கண்டுபிடித்தார்கள். "மணி தெரிஞ்சாப் போதாதா, நிமிசத்த வச்சு என்ன செய்யப் போறீக?" என்றார் டீக்கடைக்காரர். ராஜபாளையத்துப் பக்கம் ஒரு முச்சந்தியில் இரும்புக் கம்பத்தின் மேல் நாலு முகக் கடிகாரம். நாலும் நாலு நேரம் காட்டியது. சீக்கிரம் கிளம்ப வேண்டிய பஸ்காரர் ஒரு முகத்தைப் பார்ப்பாராம், டீ குடிக்க வேண்டியவர் இன்னொரு முகத்தைப் பார்ப்பாராம். யார் முதலில் கண்டுபிடிப்பது என்று புருஷன் பெண்டாட்டிக்குள் போட்டி வந்தது. தோற்றவர் அன்றைக்கு ராத்திரி பாத்திரம் கழுவ வேண்டும்.

கடைசி விருந்து விருதுநகரில், பாலகுருவின் அத்தை குருவம்மாள் வீட்டில். கோபக்காரி. "இலை போடுற நேரத்துக்கு ஒங்க தல தெரியல, அம்புட்டையும் நாய்க்கு வச்சிருவேன்," என்று முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால் வெள்ளனவே கிளம்பினார்கள். பஜாருக்குள் மிளகாய் வற்றல் மூடைகளின் நெடியில் செல்வலட்சுமிக்குத் தும்மல் மேல் தும்மல். மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள் கத்தினாள்.

"அந்தா! இன்னைக்கும் நீங்கதான் பாத்திரம் கழுவணும்!"

கிட்டங்கிகளுக்குப் பின்னால், ஓட்டுக் கூரைகளுக்கு மேலே ஒரு மணிக்கூண்டு. கீழறையில் வெறும் சாக்கு அடுக்கியிருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த காவல்காரர் வேலுச்சாமி இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். மஞ்சக்கயிறு புதுசாக இருந்தது.

"கல்யாணம் ஆன புதுசோ? போயிப் பாருங்க, போங்க. ஏணி ஆடும், சூதானம்."

ஏறிப் போனார்கள். மேலே ஆள் உயரத்துக்குக் கண்ணாடி முகம். வெயில் அதன் வழியாக உள்ளே கொட்டியது. வெளியே ஓடும் முட்களின் நிழல் அவள் சேலைமேல் விழுந்து மெல்ல நகர்ந்தது. பல்சக்கரங்கள் டக், டக் என்று நிதானமாக மிதித்தன. உத்தரமெல்லாம் புறா. மேலே வெண்கல மணி ஒன்று. அதை அடிக்கிற சுத்தியலைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இறங்க மனசே வரவில்லை. என்ன பேசினார்கள் என்று பிற்பாடு இரண்டு பேருக்குமே ஞாபகமில்லை. இறங்கி வந்தபோது கதவு வெளியே பூட்டியிருந்தது. வேலுச்சாமி மறதியாகப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

தட்டினார்கள், கத்தினார்கள். மூடை இறக்குகிற சத்தத்திலும் பக்கத்துக் கல்யாண மண்டப ஸ்பீக்கரிலும் யார் காதிலும் விழவில்லை. பாலகுருவிடம் செல்போனும் கிடையாது.

"அத்த கொன்னே போடும்," என்றான்.

செல்வலட்சுமி மேலே பார்த்தாள். "அந்தக் கயித்த அவுத்தா என்ன?"

"ஊரே கூடிரும் புள்ள!"

"கூடட்டும்னுதான சொல்லுதேன்!"

மறுபடி ஏறினார்கள். பாலகுரு முடிச்சை அவிழ்த்து, சுத்தியலை இழுத்து விட்டான். ணங்! புறாக்கள் மொத்தமும் படபடவென்று வெளியே பறந்தன. ணங்! ணங்! கீழே பஜார் அப்படியே நின்றுவிட்டது. முதுகில் மூடையோடு ஒருவர், "என்னலே இது, பதினேழு மணி அடிக்குது!" என்று கத்தினார். கண்ணாடி முகத்தில் இருந்த சின்னக் கதவைத் திறந்து செல்வலட்சுமி முந்தானையை ஆட்டினாள். கூட்டம் சிரித்தது, விசிலடித்தது. அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கையில் கரண்டியோடு வந்து நின்றாள் குருவம்மாள்.

"ஏலே பாலகுரு! கறி ஆறுது, அங்கன என்னலே செய்யுத?"

பாலகுரு மணிக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டான். செல்வலட்சுமிதான் குனிந்து கத்தினாள். "அத்தே, பூட்டிட்டுப் போயிட்டாக!"

சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் சாவியோடு ஓடிவந்தார் வேலுச்சாமி. கதவு திறந்ததும் திட்டு விழும் என்று இருவரும் இறங்கி வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். குருவம்மாள் அவர்களைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"நான் பொறந்தது வளந்தது, கட்டிக்கிட்டு வந்தது எல்லாம் இதே பஜாருதான். ஒருக்கக்கூட மேல ஏறுனதில்ல. தள்ளுலே!"

முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஏணியை வைதுகொண்டே ஏறிவிட்டாள். அவள் பின்னால் பக்கத்து வீட்டு வேலுத்தாய், அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர். மேலே போய்க் கண்ணாடிமுன் நின்றதும் அத்தையின் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது.

"ஆத்தாடி! ஏலே, சோத்த இங்கனயே கொண்டாரச் சொல்லு!"

தூக்குச்சட்டிகள் கைமாறி மேலே வந்தன. நிழல்முள் இலைகள்மேல் நகர, எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டார்கள். முதல் சாப்பாடு பாதியில் நின்றுபோன வேலுச்சாமிக்கும் ஓர் இலை விழுந்தது.

"மணிய ஏன் கட்டிப் போட்டீக?" என்று கேட்டாள் செல்வலட்சுமி.

"பக்கத்து வீட்டுக் கைப்பிள்ள முழிச்சிருதுன்னு கட்டுனது தாயி. அந்தப் பிள்ள இப்பக் காலேசு போகுது. அவுக்கத்தான் யாருக்கும் தோணல."

சிரிப்பு அடங்குவதற்குள் குருவம்மாள் எழுந்து சின்னக் கதவு வழியாகத் தலையை நீட்டி, ஊரையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாள். தன் வீட்டு மொட்டைமாடியைக் கண்டுபிடித்துவிட்டாள். மறுநிமிஷம் கரண்டியைத் தூக்கிக்கொண்டு அலறினாள்.

"ஐயையோ! காயப்போட்ட கூழ்வத்தல காக்கா தூக்குதே! ச்சூ! ச்சூ! ஏலே, அடிலே அந்த மணிய!"

பாலகுரு எச்சில் கையோடு எழுந்து இழுத்து விட்டான். ணங்! செல்வலட்சுமிக்குச் சிரிப்பில் புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்தது.