பலகைக்கு அடியில் வைத்த அட்டைகள்

பள்ளிக்கூடத்தில் என் பெயர் ஸ்க்ரூகேஜ் அக்கா. கம்பியைக் கவ்வி அளக்கிற அந்தக் கருவி மாதிரி மயிரிழை தப்பு இருந்தாலும் விடமாட்டேன், பிடித்தால் நசுக்கிவிடுவேன் என்று பிள்ளைகள் வைத்த பட்டம். பிசிக்ஸ் லேபில் பதினான்கு வருடமாக உதவியாளர் வேலை. காலையில் எட்டு மணிக்குக் கதவைத் திறப்பேன், தூசி தட்டுவேன், எண்ணெய் போடுவேன், ரசமட்டம் வைத்து டிராலி என்கிற சின்னச் சக்கர வண்டி ஓடுகிற பலகை மட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். இதில் ஒன்றைச் செய்யாமல் விட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. என் வேலையில் எவனும் ஒரு குறை சொல்ல முடியாது என்று ஒரு திமிர். அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

லேப் முதல் மாடியில், கட்டடத்தின் கடைசி அறை. அதற்குக் கீழே உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைக்கிற அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து மனை. அங்கே ஏதோ பெரிய கட்டடம் வரப்போகிறது என்று ஆழமாகப் பள்ளம் தோண்டி, ஊறுகிற தண்ணீரை மோட்டார் வைத்து ராப்பகலாக இறைத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு காது பழகிவிட்டது.

அந்த ஜன்னலோரம்தான் சக்கரம் வைத்த நாற்காலி போட்டு எங்கள் பழைய சார் உட்காருவார். விசையும் இயக்கமும் பாடம் எடுக்கும்போது ஒவ்வொரு வருடமும் டிராலியைப் பலகை மேல் வைத்துவிட்டு ஒரே வசனம்தான் பேசுவார். "நிக்கிறது நின்னுக்கிட்டே இருக்கும். தானா எதுவும் கிளம்பாது. கிளம்பிச்சுன்னா யாரோ தள்ளினாங்க, இல்ல யாரோ இழுத்தாங்க. யாருன்னு கண்டுபிடி!" பிள்ளைகள் கூடவே சேர்ந்து கத்துவார்கள்.

பிராக்டிகல் பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஒருநாள் மத்தியானம், "நாளைக்குக் காலையில நான் ஹெச்.எம்மைப் பார்க்கணும், ஞாபகப்படுத்துங்கம்மா" என்றார். லீவு விஷயமாக இருக்கும் என்று நினைத்தேன், கேட்கவில்லை. சாயங்காலம் நாலரைக்கு டீ வாங்கிக்கொண்டு வந்தபோது ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "சார், டீ" என்றேன். மூன்று தடவை சொன்னேன். நாற்காலியைத் திருப்பிய பிறகுதான் தெரிந்தது. மாரடைப்பு என்றார்கள்.

அவர் போய் நாலாவது நாள். பிள்ளைகள் எல்லாம் சாப்பிடப் போயிருந்தார்கள். டிராலியின் சக்கரங்களுக்கு எண்ணெய் போட்டு, பலகையின் நடுவில் வைத்துவிட்டுத் துணியை எடுக்கத் திரும்பினேன். பின்னால் கர்ரென்று ஒரு சத்தம். டிராலி போய்க்கொண்டிருந்தது. வேகமாக இல்லை. யாரோ ஒற்றை விரலால், ஓர் அவசரமும் இல்லாமல் தன் பக்கம் இழுத்துக்கொள்கிற மாதிரி. ஜன்னல் பக்கத்து முனையில் இருந்த கட்டையில் முட்டி நின்றது. அதற்கு நேர் எதிரே சாரின் நாற்காலி.

வாசலைப் பார்த்து ஓரடி வைத்தேன். ஆனாலும் ஸ்க்ரூகேஜ் இல்லையா, ரசமட்டத்தை எடுத்து வைத்தேன். குமிழி நடுவில் இல்லை. அட, மரப்பலகைதானே, வளைந்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஜன்னல் பக்கத்து முனையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஏற்கெனவே ஓர் அட்டை இருந்தது, சார் வைத்தது. ரெக்கார்டு நோட்டு மேலட்டையை வெட்டித்தான் நாங்கள் மட்டம் சரிசெய்வது வழக்கம். எதை மாற்றினாலும் அதன் மேலேயே தேதி எழுத வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அவர் கை வைத்த அட்டையை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. என் அட்டையில் தேதி எழுதி அதன் மேலேயே வைத்தேன். குமிழி நடுவுக்கு வந்தது. டிராலி அசையவில்லை.

மூன்று நாள் கழித்து மறுபடி கிளம்பியது. இன்னோர் அட்டை. பிறகு இன்னொன்று.

அதற்குள் நாற்காலியும் ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் பூட்டும்போது அதை மேஜையோடு தள்ளி வைத்துவிட்டுப் போவேன். காலையில் ஜன்னலோரம் நிற்கும். முதுகு நம் பக்கம், முகம் வெளியே. வாட்ச்மேனைக் கேட்டால், "சாவி உங்க இடுப்புலதானேம்மா இருக்கு, என்னைக் கேட்டா?" என்றார். பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. "சார் டிராலியைக் கூப்பிடறாரு" என்று ஒருத்தன் சொல்ல, "யாருன்னு கண்டுபிடி" என்று இன்னொருத்தி சாரின் குரலில் சொல்ல, பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் அதற்கப்புறம் ஜன்னல் பக்கமே போகவில்லை.

புது சார் வந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயசு சின்னவர், எல்லாவற்றுக்கும் அவசரம். அவரிடம் சொன்னேன்.

"மரம்னா வளையத்தாங்க்கா செய்யும். பரீட்சை முடியட்டும், புதுப் பலகை வாங்கிக்கலாம். இப்பப் போயி எதையாவது நோண்டி வைக்காதீங்க."

"நாற்காலி சார்?"

"சக்கரம் இருந்தா உருளும்க்கா. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

அவர் சொன்னதில் எனக்கும் ஒரு நிம்மதி. ஏனென்றால் அந்தப் பரீட்சை எழுதப்போகிற இருபது பேரில் ஒருத்தி என் மகள். பிராக்டிகல் மார்க் குறைந்தால் அவள் ஆசைப்பட்ட படிப்பு கிடைக்காது. நம்பர் வரிசைப்படி அவளுக்கு விழுந்த இடம் ஜன்னலோர மேஜை. எனக்குத்தான் பகீரென்றது. அவளுக்குப் பேயும் கிடையாது பிசாசும் கிடையாது. "போம்மா, சார் வந்தா நாலு விடை கேட்டுக்கறேன்" என்பாள்.

நாள் நெருங்க நெருங்க அட்டை வேகமாக ஏறியது. வாரத்துக்கு இரண்டு என்று இருந்தது, தினம் ஒன்று ஆனது. தினம் காலையில் குமிழியை நடுவுக்குக் கொண்டுவருவேன், யாரும் பார்ப்பதற்குள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் லேபில் குறை என்று யாரும் சொல்லிவிடக்கூடாது, பரீட்சை நின்றுவிடக்கூடாது. "சார், என் பொண்ணு எழுதி முடிக்கிற வரைக்கும் சும்மா இருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று காலி நாற்காலியைப் பார்த்து வாய்விட்டே கேட்டேன். வெட்கமாக இருக்கிறது சொல்ல.

பரீட்சைக்கு முந்தின நாள் இன்னொன்று நடந்தது. பக்கச் சுவரோரம் கூரைக் கொக்கியிலிருந்து ஊசல் குண்டு ஒன்று நூலில் தொங்கும். நூலுக்குப் பின்னால் சுவரில் சார் பென்சிலால் ஒரு கோடு போட்டிருப்பார், நூலும் கோடும் ஒன்றாக இருக்கும். அன்று மேலே ஒன்றாகத்தான் இருந்தது. கீழே குண்டு மட்டும் ஒரு விரல்கடை தள்ளி நின்றது. ஜன்னல் பக்கமாக. காற்று இல்லை, ஆட்டம் இல்லை. ஒரு கை அதை ஜன்னல் பக்கம் இழுத்து, விடாமல் பிடித்திருக்கிற மாதிரி நின்றது. ஆட்டிவிட்டேன். ஆடி ஆடிக் களைத்து, மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றது.

ஓடியிருக்க வேண்டும், இல்லை யோசித்திருக்க வேண்டும். நான் இரண்டும் செய்யவில்லை. பரீட்சை நடத்த வெளியூரிலிருந்து வருகிற எக்ஸ்டர்னல் இதைப் பார்த்தால் என்ன சொல்வார் என்றுதான் புத்தி போனது. ரப்பரை எடுத்துச் சாரின் கோட்டை அழித்தேன். நூலுக்கு நேராகப் புதுக்கோடு போட்டேன். என் கையாலேயே.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கடைசி அட்டையையும் செருகிவிட்டு, இரும்பு எடைகளை ஏற்றி டிராலியைத் தயாராக வைத்தேன். அசையவில்லை. ஒன்பதரைக்குப் பரீட்சை ஆரம்பித்தது. எக்ஸ்டர்னல் அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ரகம். லேபை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

பத்தரை இருக்கும். டிராலி கிளம்பியது.

யாரும் தொடவில்லை. பக்கத்தில் நின்ற பையன் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினான். டிராலி மெதுவாக உருண்டு கட்டையில் முட்டியது. "மட்டம் பார்க்கலையா?" என்றார் எக்ஸ்டர்னல். என் கண் ஊசலுக்குப் போயிருந்தது. நேற்று என் கையால் நான் போட்ட கோட்டிலிருந்து குண்டு அரை விரல் தள்ளி நின்றது.

ஒரே ராத்திரியில் பலகை வளையட்டும். சுவருமா கூட வளையும்? குண்டைப் பூமி நேராகத்தானே இழுக்கும். பதினான்கு வருடமாக அந்தப் பாடத்தைச் சுவரோரம் நின்று கேட்டவள் நான். நூல் நேராகத்தான் இருக்கிறது. நகர்ந்தது கோடு. கோடு சுவரில் இருக்கிறது. சுவர், தரை, பலகை, நாற்காலி, என் மகள், எல்லாம் சேர்ந்து அந்தப் பள்ளத்தின் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. மோட்டார் இன்னும் இறைத்துக்கொண்டிருந்தது.

"சார், கட்டடம் சாயுது" என்றேன் புது சாரின் காதில்.

"அக்கா, எக்ஸ்டர்னல் இருக்காங்க. தயவுசெஞ்சு சும்மா இருங்க."

"சும்மா இருந்துதான்யா இந்தக் கதி! எல்லாரையும் வெளிய அனுப்புங்க!" கத்திவிட்டேன். இருபது தலையும் நிமிர்ந்தது.

எக்ஸ்டர்னல் கண்ணாடியைக் கழற்றினார். "பரீட்சை நடக்கிற இடத்துல என்ன கூச்சல்? யாராவது எடத்தை விட்டு எந்திரிச்சா முட்டைதான் மார்க்கு."

ஒரு பிள்ளைகூட எழுந்திருக்கவில்லை. என் மகள் ஜன்னலோரத்திலிருந்து என்னைப் பார்த்தாள். முகம் சிவந்து கிடந்தது. "அம்மா, ப்ளீஸ்" என்று வாயை மட்டும் அசைத்தாள். அவள் காலடியில் தரையும் சுவரும் சேருகிற இடத்தில் ஒரு கறுப்புக் கோடு. காலையில் நான் பெருக்கும்போது அது அங்கே இல்லை.

நியாயத்தைச் சொன்னால் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்துபோனது. டிராலியைப் பலகையின் மறுமுனைக்குத் தள்ளி வைத்தேன். ஜன்னல் முனையில் இருந்த கட்டையைப் பிடுங்கி எறிந்தேன். பலகையை ஒரு கையால் தூக்கி, அடியில் இருந்த அட்டை முழுவதையும் ஒரே பிடியாக உருவி எடுத்தேன். முனை தொப்பென்று இறங்கியது. டிராலி கிளம்பி, போகப்போக வேகம் பிடித்து, இரும்பு எடைகளோடு பலகையைத் தாண்டிச் சாரின் நாற்காலியில் போய் விழுந்தது. நாற்காலி அரைச் சுற்றுச் சுற்றி எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றது.

"சார் வந்துட்டாரு!" என்று அலறினேன். "ஓடுங்க!"

ஐயோ, அந்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே. பெஞ்சு உருண்டது, பேப்பர் பறந்தது. எக்ஸ்டர்னல் அம்மாதான் முதலில் வாசலைத் தாண்டினார், புது சார் அடுத்தவர். சாயுது என்றபோது அசையாத கால்கள் எல்லாம் பேய் என்றதும் படியில் தடதடத்தன.

ஒருத்தி மட்டும் எழுந்திருக்கவில்லை. அம்மா பொய் சொல்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத்தான் பேய் கிடையாதே. "ஏம்மா இப்படி அசிங்கப்படுத்தறே? என் மார்க்கு..." என்றாள் அழுதுகொண்டே. பாய்ந்துபோய் இடது கையால் பின்னலைப் பிடித்து இழுத்தேன். பெற்ற பிள்ளை என்று பார்க்கவில்லை. தரையோடு தேய்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது பின்னால் ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் கேட்டது. திரும்பினேன். ஜன்னல் இல்லை. அவள் மேஜை இல்லை. நாற்காலி இல்லை. அந்த மூலை முழுவதும் வெறும் வெளிச்சமாக இருந்தது. பக்கச் சுவரோரம் குண்டு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

ஓர் உயிர்கூடப் போகவில்லை. மைதானத்தில் தலைகளை எண்ணினார்கள், மூன்று தடவை எண்ணினார்கள், இருபதும் இருந்தது. எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். தலைமையாசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்போதுதான் என் வலது கை இன்னும் மூடியே இருப்பதைப் பார்த்தேன். உருவின அட்டைகள் அதில் கசங்கிப்போயிருந்தன.

என் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்து அவற்றை வாங்கினாள். மடியில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்தாள். என் கையெழுத்து, தேதி. என் கையெழுத்து, தேதி. கடைசியாக அடியில் இருந்ததைத் திருப்பினாள். தேதி, சார் இறந்த நாள். அதற்குக் கீழே பென்சிலில் சின்ன எழுத்தில் இரண்டு வரி. அவள் உரக்கப் படித்தாள்.

"பலகை நேராக இருக்கிறது. தரைதான் இறங்குகிறது. பிள்ளைகளை இந்த அறையில் உட்காரவைக்கக் கூடாது, காலையில் ஹெச்.எம்மிடம் சொல்ல வேண்டும்."

ஆறு வாரமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது, என் மூக்குக்கு அடியில், எழுத்து கீழே பார்த்தபடி.

"அம்மா" என்றாள் என் மகள். "இதுக்கு மேல நீ எத்தனை வெச்சே?"

அவள் மடியில் எல்லாம் விரிந்து கிடந்தன, அவளே எண்ணியிருக்கலாம். ஆனாலும் என் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தாள்.

"பதினாறு" என்றேன்.